ஆறாவது கட்டம்

எங்கள் ஆலயத்தின் பின்பக்க மண்டபத்தில் எட்டு மின்விசிறிகள். ஐந்து ஓடும், ஒன்று சத்தம் மட்டும் போடும், இரண்டு எதுவும் செய்யாது. நாற்காலிகள் எழுபத்திரண்டு. அவற்றில் நான்கில் உட்காரக் கூடாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். மேடையில் நின்று "தெரியாது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவர் ஒருவர்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. "என் பேரப் போட்டீங்கன்னா பாறைய விட்டுட்டு என்னப் பத்திப் பேசுவாங்க அங்கிள்" என்று முன்பே சொல்லிவிட்டார். பேட்டையில் எல்லோரும் அவரைப் பாறை மேடம் என்றார்கள். பவளப்பாறையைப் பற்றிப் பேசுவதால் வந்த பெயர். அதற்கு அவர் எதிர்ப்பு சொல்லவில்லை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி, நீந்துகிறவர்களுக்கு வரும் அகலத் தோள். ஞாயிறு மாலைகளில் துணிப்பை ஒன்றோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். பையில் ஒரு முழுக் காலிஃபிளவர், காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு ஒன்று, இரண்டு வெள்ளைச் சாசர்கள். உண்மையான பவளத்தை அவர் கொண்டுவந்ததே இல்லை. ஒரு துண்டு வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம் என்பார். பிறகு, "இங்க காட்டறதுக்காக அங்க ஒன்னு குறையணுமா?" என்பார். பேச்சு முடிந்ததும் காலிஃபிளவர் என் மனைவி கிரேஸிடம் வரும். "பாறைய கூட்டு வச்சிருங்க ஆன்ட்டி." அப்படி எங்கள் வீட்டில் சமைத்த பாறைகள் இருபத்து மூன்று.

எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஓர் இரவுப் பயணம் போகவேண்டும். இங்கே வந்து எதற்குக் கடலைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன்.

"கடலோரத்துல இருக்கவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது? அவங்க எனக்குச் சொல்வாங்க. கடலே பாக்காத ஆளுக்குச் சொல்றதுதான் வேல. நானே அந்த மாதிரி ஆளுதான்."

உண்மைதான். அவர் இதே ஊரில், அடுகோடியில் பிறந்தவர். அப்பாவுக்கு லேத் பட்டறை. கடலை முதலில் பார்த்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. நீந்தக் கற்றது அதற்கும் பிறகு. இன்றும் தண்ணீரில் இறங்கப் பயம்தான் என்று, கூட்டத்தின் நடுவில், யாரும் கேட்காமலே சொல்வார்.

நான் போன முதல் கூட்டத்தில், தொடங்கியதும் கை தூக்கச் சொன்னார். பவளப்பாறை கல்லா, செடியா, பிராணியா? கல் என்றவர்கள் இருபத்தொன்பது பேர். அதில் நானும் ஒருவன். செடி இருபத்தொன்று. பிராணி ஏழு. கை தூக்காதவர்கள் பதினொன்று. மொத்தம் அறுபத்தெட்டு. உட்காரத்தக்க நாற்காலிகள் அனைத்தும் நிரம்பியிருந்தன.

"எல்லாருமே ஜெயிச்சீங்க" என்றார். அரிசி அளவு பிராணி. அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி. பிராணி தன் அடியில் சுண்ணாம்பு சேர்த்துக் கல்லாக்குகிறது. "நம்ம ஊருக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, பிராணி ரூம் வாடகைக்கு விட்டிருக்கு. டெனன்ட் வாடக தர்றதில்ல, வெயில்ல சமைச்சுப் போடறாரு. கலரும் டெனன்டோடதுதான். தண்ணி ரொம்பச் சூடாச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஒத்துவராது, டெனன்ட் வெளிய. அப்ப பவளம் வெளுத்துப்போகும்."

"ஓனர் துரத்துமா, டெனன்டே காலி பண்ணிட்டுப் போவாரா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"ஓனர் துரத்துதுன்னுதான் நினைக்கிறோம். ஏன்னு முழுசா தெரியல."

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து, "வெளுக்கும்போது அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டார். அரங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. மேடையின் விளிம்புவரை வந்தார்.

"தெரியல ஆன்ட்டி. வலின்னு நாம சொல்றது அதுக்கு இருக்கான்னு எப்படிக் கேக்கறதுன்னே இன்னும் யாரும் சரியா கத்துக்கல."

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. தொலைபேசிக் கருவி செய்யும் ஆலையில் முப்பத்தொரு வருடம் தர ஆய்வாளராக இருந்தவன் நான். கையில் கொடுத்த பொருளைப் பார்த்து "தெரியாது" என்று எழுதியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் அடுத்த வாரமும் போனேன். அந்த வாரம் எடுத்த எடுப்பிலேயே, "போன ஞாயிறு நான் சொன்னதுல ஒரு தப்பு" என்று தொடங்கினார். பிறகுதான் புரிந்தது, தவறு இருக்கிற வாரமெல்லாம் அவர் இப்படித்தான் தொடங்குவார் என்று. நான் எண்ணியவரை ஒன்பது முறை.

ஒருமுறை செய்திச் சேனலிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். "கடல் செத்துக்கொண்டிருக்கிறது" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள் என்றாள்.

"அப்படிச் சொன்னா எனக்கே வேல போயிரும்மா. எழவு வீட்டுக்கு ஜனங்க ஒரு தடவதான் வருவாங்க. நான் அவங்கள திரும்பத் திரும்ப வரவைக்கணும். அதுவுமில்லாம அது இன்னும் சாகல."

"அப்ப நல்லா இருக்குன்னு போடலாமா மேம்?"

"அதுவும் இல்ல."

அந்தப் பெண் எதையும் போடவில்லை என்று நினைக்கிறேன்.

மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில், கடலடியில் ஆணி அடித்து அடையாளம் வைத்த இடங்கள் அவருக்கு இருந்தன. பிளாஸ்டிக் குழாயால் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அந்த இடத்தில் வைத்து, மேலிருந்து படம் எடுப்பார். ஒவ்வொரு வருடமும் அதே இடம். படத்தின் மேல் கணினி இருபது புள்ளிகள் போடும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் இருப்பது என்ன என்று பார்த்து எண்ண வேண்டும். அந்த வேலையை அவர் எங்களிடம் கொடுத்தார். மண்டபத்துக்கு வந்துபோகிற சாதாரண மனிதர்களிடம். "பேச்சக் கேட்டா மறந்துரும். எண்ணினா மறக்காது."

தாளில் ஆறு கட்டங்கள். உயிருள்ளது, வெளுத்தது, செத்தது, பாசி, மணல். ஆறாவது, தெரியவில்லை.

ஒரே படத்தை இரண்டு பேர் எண்ண வேண்டும். முதுகுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், பேசக் கூடாது. இருவரும் ஒத்துப்போன படத்தை அவர் அப்படியே எடுத்துக்கொள்வார். ஒத்துப்போகாததை மட்டும் தானே திறந்து பார்த்துத் தீர்ப்பார்.

எனக்கு வாய்த்த ஜோடி முனிரத்னம். அடுகோடியில் மேடத்தின் அப்பா பட்டறைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறவர். கணினிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். ஞாயிறு பள்ளி அறையில் நானும் அவரும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் எண்ணினோம். புள்ளிகள் எட்டாயிரத்து இருநூற்று நாற்பது.

பயிற்சி வகுப்பு நடந்த நாளில் கிரேஸுக்குக் கண் அறுவை. நான் போகவில்லை. அச்சிட்ட தாளை மட்டும் படித்துக்கொண்டேன். வெளுத்தது என்றால் வெளிறிப்போனது, இளஞ்சிவப்பு, இளமஞ்சள், அந்த மாதிரி. முழு வெள்ளை என்றால் எலும்பு. எலும்பு என்றால் செத்தது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் வாரம் தாள்களை ஒப்பிட்டபோது எனக்கும் முனிரத்னத்துக்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

"சார், இந்தப் பதினாலாம் புள்ளி வெள்ளதான். ஆனா செத்த வெள்ள இல்ல" என்றார்.

"வெள்ளையில என்ன செத்த வெள்ளை, உயிர் வெள்ளை?"

"வெறும் பிரைமர் அடிச்ச வெள்ள வேற, மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட் ஏத்தின வெள்ள வேற சார். இதுக்கு மேல ஒன்னு இருக்கு. வெளிச்சம் வழுக்குது பாருங்க."

"முனிரத்னம், இது ஸ்கூட்டர் இல்ல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலையில் இரண்டு ஆய்வாளர்கள் மாறுபட்டால் ஒருவரை மேலே கூப்பிடுவார்கள். மாறுபடுவது அவமானம். எங்கள் ஜோடிக்குத்தான் மாறுபாடு அதிகம் என்று மேடம் நினைத்துவிடுவாரே என்று பயந்தேன். அழிப்பானை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டா மேடத்துக்கு வேலை மிச்சம்."

"ரூல் வேறயாச்சே சார்."

"ரூல் எனக்குத் தெரியும்."

படித்தவர் சொல்கிறாரே என்று முனிரத்னம் அழித்துத் திருத்தினார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் நடந்தது. அழித்த படங்களின் எண்களை மட்டும் என் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஏன் குறித்தேன் என்று கேட்டால், எதையும் எண்ணாமல் விட என்னால் முடியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் மேடம் என் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "அங்கிள், உங்க ஆறாவது கட்டம் மட்டும் எப்பவும் காலியா இருக்கே" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலை கிரேஸிடம் சொல்லவும் செய்தேன்.

நகரத்தின் அறிவியல் காட்சியகம் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பவளப்பாறை அறை ஒன்று அமைக்கப்போவதாக அப்போது பேச்சு. அப்படி ஓர் அறை வேண்டும் என்று ஏழு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் இவர். கடைசியில், அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்து முடிவு செய்ய, காட்சியகத்திலிருந்து மூன்று பேர் எங்கள் மண்டபத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். ஞாயிறு மாலை நான்கு மணி. பாறையில் எத்தனை பங்கு செத்துவிட்டது என்ற எண்ணை அறையின் வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதலாம் என்று அவர்களில் மூத்தவர் முன்பே சொல்லியிருந்தார். அந்த எண் எங்கள் தாள்களிலிருந்து வந்தது.

அன்று பகல் ஒன்றரை. எங்கள் சாப்பாட்டு மேசையில் மேடத்தின் இரண்டு வெள்ளைச் சாசர்கள் இருந்தன. டீ ஆற்றுவதற்காக ஒன்றை எடுத்தேன். கட்டைவிரல் உள்ளே போயிற்று. குளிர்ச்சியாக, வழவழப்பாக.

"ஐயோ, கைய வச்சிட்டீங்களா" என்றாள் கிரேஸ். "காலையிலேர்ந்து செட் பண்ணிருக்கேன்."

"காலிச் சாசர்தானே இது?"

"இது காலி இல்ல, பக்கத்துல இருக்கறதுதான் காலி. இதுல ஜெல்லிக்குப் போடற சைனா கிராஸ் காய்ச்சி ஊத்திருக்கேன், கலர் சேக்காம. இன்னிக்குப் புதுசா காட்டணும்னு மேடம் கேட்டாங்க. வெளுத்த பவளம் இப்படித்தான் இருக்குமாம். கலர் போயிட்டா சதை கண்ணாடி மாதிரி ஆயிருமாம், அடியில இருக்கற கல்லு வெள்ளையா தெரியுமாம். பாத்தா எலும்பு. ஆனா உயிரோட இருக்குமாம். தண்ணி சீக்கிரம் குளுந்துதுன்னா பொழச்சுக்குமாம்."

இரண்டு சாசர்களையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றில் வெளிச்சம் நின்றது. மற்றதில் வழுக்கியது.

முனிரத்னத்துக்குப் போன் செய்தேன். "கிளியர் கோட்" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்னு இப்ப சொல்லலாமா சார்?"

"சொல்லலாம்."

"வேணாம் விடுங்க. நான் வரேன்."

எங்கள் வாசலிலிருந்து மண்டபத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. அன்று நாற்பதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மேடம் திரையை மாட்டிக்கொண்டிருந்தார். மணி இரண்டு. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழிப்பானையும் சேர்த்துத்தான்.

"எத்தன படம் அங்கிள்?"

"நூற்று முப்பத்தேழு."

"நிச்சயமா தெரியுமா?"

நோட்டைக் கொடுத்தேன். மேடை விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"ஏன் அழிக்கச் சொன்னீங்க?"

"ஒத்துப்போகலைன்னா அவமானமா இருந்தது மேடம்."

"ஒத்துப்போகாத இடத்துலதான் அங்கிள் எனக்கு வேலயே." நோட்டை மூடினார். "ஒத்துப்போனதையும் பத்துக்கு ஒன்னு நான் திறந்து பாத்திருக்கணும். இந்த வருஷம் பாக்கல. ரூம் கெடைக்கப் போகுதுன்னு அவசரப்பட்டேன்."

அவருடைய ஏழு வருடம் என் கண்முன் உட்கார்ந்திருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. "இன்னிக்கு மட்டும் அந்த எண்ணையே சொல்லிடலாம் மேடம். அப்புறம் திருத்திக்கலாம். பெருசா மாறாது."

"மாறாதுன்னு தெரியுமா?"

வாயைத் திறந்தேன். எழுபத்து மூன்று வயதில் அந்தச் சொல் வெளியே வர அவ்வளவு நேரம் பிடித்தது.

"தெரியாது."

அவர் தலையாட்டினார். என் பதிலில் குறை எதுவும் கண்டவர்போல் இல்லை. சாசர்கள் எங்கே என்று கேட்டார்.

நான்கு மணிக்கு அறுபத்தெட்டு பேர் உட்கார்ந்தும் ஒன்பது பேர் நின்றும் இருந்தார்கள். காட்சியகத்தார் மூவரும் முன்வரிசையில். மேடம் கை தூக்கச் சொன்னார். டெனன்ட் கதை சொன்னார். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. அரங்கு சிரித்தது. பிறகு திரையில் ஒன்றுமில்லாத ஒரு பக்கம் வந்தது.

"இந்த எடத்துல ஒரு எண் இருக்கணும். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் இருந்துச்சு. அது தப்பு. உயிரோட இருக்கறத செத்ததுல சேத்து எண்ணிட்டோம். என் பொறுப்புல நடந்தது, என் தப்பு. சரியான எண் இன்னிக்கு எனக்குத் தெரியாது."

அதையும் கன்னடத்தில் சொன்னார், ஒரு சொல் குறைக்காமல்.

நான் எழுந்து நின்றேன். கிரேஸ் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எண்ணினது நான்தான்" என்றேன்.

"எண்ணினவர் இவர்" என்றார் மேடம் அரங்கைப் பார்த்து. "எந்தெந்தப் படத்துல தப்புன்னு எழுதி வச்சிருந்தவரும் இவர்தான். இல்லன்னா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து எண்ணணும். உக்காருங்க அங்கிள்."

காட்சியகத்தாரில் மூத்தவர் கையை உயர்த்தினார். "தோராயமாகவாவது ஒரு எண் சொல்ல முடியுமா?"

"தோராயமா சொன்னா நீங்க அத செவுத்துல எழுதிருவீங்க சார்."

அரங்கு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் நோட்டில் குறித்திருந்த எண்பத்தெட்டாம் படத்தை மேடம் திரையில் போட்டார். சாசர்கள் இரண்டையும் முன்வரிசையில் கொடுத்து, தொட்டுப் பார்த்துப் பின்னால் அனுப்பச் சொன்னார். பிறகு புள்ளி புள்ளியாகக் கேட்டார். இது என்ன? கை தூக்குங்கள். மணல் என்றார்கள், பாசி என்றார்கள். பதினான்காம் புள்ளி வந்தது. ஓரத்தில் கடித்த தோசைபோல ஒரு பவளம், வெள்ளை வெளேரென்று.

யாரும் கை தூக்கவில்லை. மின்விசிறி போடும் சத்தம் மட்டும் கேட்டது. எழுபத்தேழு பேர், பாதிப்பேர் கடலில் கால்கூட நனைக்காதவர்கள், எங்கோ தண்ணீருக்கடியில் இருக்கும் ஒரு கையகலப் பிராணிக்கு உயிர் இருக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆலயத்தில்கூட அந்த அமைதியை நான் கேட்டதில்லை. வலிக்குமா என்று முன்பு கேட்ட அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "மேல ஒன்னு இருக்கு. வழுக்குது." சாசர் அப்போது அவர் மடியில் இருந்தது.

கதவருகில் நின்றிருந்த முனிரத்னம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக் கூடாது என்ற மரியாதை.

பதினேழாம் புள்ளியில் அரங்கு இரண்டாகப் பிரிந்தது. மேடமும் நெடுநேரம் பார்த்தார். கரும்பலகையில் ஆறாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அதற்குத்தான் அன்று கைதட்டல். இந்த முறை நானும் தட்டினேன்.

எண் வந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காட்சியகத்தார் கிளம்பினார்கள். மறுஎண்ணிக்கைக்கு அந்த அரங்கிலிருந்தே பதினான்கு பேர் வந்தார்கள். ஐந்து ஞாயிறுகள் ஆயின. எண் மாறியது, பெரிதாகவே மாறியது. அதை இங்கே எழுதமாட்டேன். படமில்லாமல் எண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது அவர் சட்டம். அதற்குள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஃபைபர் பவளம், ஊதா விளக்கு, வாசலில் ஆள் உயரத்துக்கு எங்கிருந்தோ எடுத்த ஓர் எண். மேடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

"மீனெல்லாம் நல்லா செஞ்சிருக்காங்க" என்றார். அங்கே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்து, காவலர் வந்து நகரச் சொல்லும்வரை நகரவில்லை என்பது முனிரத்னம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் கடற்கரைப் பக்கமே குடிபோய்விட்டார். மண்டபத்தில் ஞாயிறு மாலைகளில் இப்போது கராத்தே. ஆனால் போன வருடம் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே படங்கள் பதிந்த குறுந்தட்டு. அதே ஆணிகள், அதே சட்டம், வெப்பம் தணிந்த பின் எடுத்தவை. கூடவே ஒரு துண்டுத் தாள். "அங்கிள், அழிப்பான் வேண்டாம்."

நானும் முனிரத்னமும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்தோம். பல இடங்களில் அந்த வெள்ளையின் மேல் பாசி படர்ந்து பஞ்சுபோல் கிடந்தது. செத்ததற்கான மூன்றாம் கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எண்பத்தெட்டாம் படத்தைத் திறந்தேன். புள்ளிகள் சற்றே நகர்ந்திருந்தன. கடித்த தோசை அதே இடத்தில் இருந்தது.

பழுப்பு. ஓரம்வரை, ஈரமான, அடர்ந்த பழுப்பு. டெனன்ட் திரும்பி வந்திருந்தார்.

பென்சிலால் நான் செத்தது என்று எழுதிய ஒன்று. திரும்பி முனிரத்னத்தின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அடுத்த புள்ளியில் ஏதோ ஒன்று, பாதி நிழல். உற்றுப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஆறாவது கட்டத்தில் ஒரு கோடு.

தாளின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் முனிரத்னம் இன்னும் எண்பத்தேழாம் படத்தில்தான் இருந்தார்.